வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: முகவைக்குப் பணம் கொடுப்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலையை முகவைகள் வழியாகத் தேடுவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட முகவைகளின் பெயர்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றேன். இப்போது துணைப்பாட நிலையம் ஒன்றில் தொடக்கநிலை மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வியட்நாமில் ஆசிரியர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு முகவை 2,800 வெள்ளி கேட்கிறது. வேலை உறுதி என்று எழுதியும் தருகிறார்கள். கட்டலாமா?
— வாசகி, செங்காங்

பதில்: கட்ட வேண்டாம். நீங்கள் அனுப்பிய கட்டண விவரத்தை இரண்டு முறை படித்த பிறகே இதை எழுதுகிறேன். பயிற்சிக்கு 900 வெள்ளி, நியமன உதவிக்கு 1,200 வெள்ளி, விமான நிலைய வரவேற்புக்கும் முதல் வாரத் தங்குமிடத்துக்கும் 700 வெள்ளி என்று அதில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் உங்களை வேலைக்கு எடுக்கப்போகும் பள்ளியின் பெயர் அந்த நான்கு பக்கங்களில் ஓரிடத்திலும் இல்லை. 'வேலை உறுதி' என்ற வரிக்குக் கீழே, எது பொருத்தமான வேலை என்பதில் முகவையின் முடிவே இறுதியானது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதாவது, எந்த ஊரில் எத்தகைய வேலையைக் காட்டினாலும் அவர்கள் வாக்கைக் காப்பாற்றியதாகிவிடும். நீங்கள் மறுத்தால் பணம் திரும்பாது.

முகவை என்ற ஒரே பெயரில் மூன்று வகையான தொழில்கள் நடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வகை, பள்ளிக்கு ஆள் தேடித் தருவது. அதற்கான கட்டணத்தைப் பள்ளியே முகவைக்குக் கொடுத்துவிடும், ஆசிரியரின் ஒப்பந்தமும் பள்ளியோடுதான் இருக்கும். இரண்டாவது வகையில் முகவையே முதலாளியாக இருந்து, ஆசிரியரைத் தன் ஊழியராக எடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. பள்ளி கொடுக்கும் தொகைக்கும் ஆசிரியருக்குப் போகும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் வருமானம். மூன்றாவது வகை, பயிற்சி, பயணம், நியமனம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஆசிரியரிடமே விற்பது. உங்களிடம் வந்திருப்பது இந்த மூன்றாவது வகை. அதைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டில் ஓராண்டு வாழ்ந்து பார்க்க விரும்பும் அனுபவமில்லாத இளையருக்கு அது பயன்படவும் கூடும். ஆனால் பட்டமும் கற்பித்த அனுபவமும் உள்ள உங்களுக்குப் பள்ளிகள்தாம் முகவைக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

இது என் சொந்த விருப்பம் மட்டுமல்ல. வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்பதை அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் எண் உடன்படிக்கை பொதுவிதியாக வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டம், கலைத்துறை போன்ற சில விலக்குகள் தவிர, வேலை தேடித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. சிங்கப்பூரில் விதி வேறு. இங்கே உரிமம் பெற்ற முகவை ஊழியரிடம் கட்டணம் வாங்கலாம். ஆனால் ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளம் என்பதே உச்சவரம்பு. முதல் ஆறு மாதங்களுக்குள் முதலாளி வேலையிலிருந்து நீக்கினால் வாங்கிய கட்டணத்தில் குறைந்தது பாதியைத் திருப்பித் தரவும் வேண்டும். இந்த வரம்பைக் கேட்டதும் சிலர் 'நியமனக் கட்டணம்' என்ற பெயரை மாற்றிப் 'பயிற்சிக் கட்டணம்' என்று எழுதுவார்கள். ஆகவே பயிற்சியைத் தனியே, நியமனத்தைத் தனியே விலை கேளுங்கள். பயிற்சி வேண்டாம், நியமனம் மட்டும் போதும் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு வரும் பதிலிலேயே அவர்கள் எதை விற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து இயங்கும் முகவையாக இருந்தால், மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள முகவைப் பட்டியலில் அதன் பெயரையோ உரிம எண்ணையோ இட்டுச் சரிபாருங்கள். உங்களிடம் பேசும் அலுவலருக்கும் தனிப் பதிவெண் இருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். லண்டனிலோ ஹோ சி மின் நகரிலோ இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் மட்டும் பேசும் முகவைக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. அங்கே உங்களுக்குப் பாதுகாப்பு, பள்ளியின் பெயரைக் கேட்டு வாங்கி நீங்களே அந்தப் பள்ளியோடு பேசுவதுதான். வியட்நாமில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. பள்ளியின் பெயரே தெரியாதபோது உங்களுக்காக யார் விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்று அந்த அலுவலரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் தேசிய சேவை முடித்து, பொறியியல் பட்டமும் பெற்றுவிட்டான். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. ஒரு முகவை 'சிங்கப்பூரரா, தாராளமாக வரலாம்' என்கிறது. இன்னொன்று முடியாது என்கிறது. யாரை நம்புவது?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: முடியாது என்று சொன்னவரை நம்புங்கள். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வழங்கப்படும் இ-2 விசா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கு உரியது. அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. உங்கள் மகன் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும், எவ்வளவு பெரிய முகவை பரிந்துரைத்தாலும், கடப்பிதழின் நிறம் மாறாது. அரசுப் பள்ளிகளுக்கான எப்பிக் திட்டமும் இதே ஏழு நாட்டு விதியின்படியே ஆள் எடுக்கிறது. கொரியக் குடிமகளை மணந்தவர் போன்று வேறு வகைக் குடியிருப்பு விசா வைத்திருப்போர் நிலை வேறு. இந்த விதி நியாயமானதன்று என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 1987ஆம் ஆண்டு முதல் நம் தேசியப் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்தை முதல்மொழியாகக் கொண்டு நடக்கின்றன. அந்தப் பள்ளிகளில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலம் அந்நியமென்று சொல்வது வருத்தம் தருகிறது. ஆனாலும் விதி அதுதான். அதைத் தெரிந்துகொண்டே 'தாராளமாக வரலாம்' என்று சொன்னவர் உங்கள் மகனைச் சுற்றுலாப் பயணியாக உள்ளே கொண்டுபோக நினைக்கிறார், அல்லது விதியே தெரியாமல் தொழில் நடத்துகிறார். இரண்டில் எதுவானாலும் அவரை விட்டு விலகுவதே நல்லது.

உங்கள் மகனுக்கு ஜப்பானில் வழி இருக்கிறது, அதுவும் முகவையே தேவைப்படாத வழி. வெளிநாட்டினரைப் பள்ளிகளில் மொழி கற்பிக்க எடுப்பதற்காக 1987இல் ஜப்பானிய அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தில் சிங்கப்பூரும் பங்கேற்கிறது. நாசிம் சாலையில் உள்ள ஜப்பானியத் தூதரகம் விண்ணப்பங்களைப் பெற்று, தானே நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுக்கிறது. எந்தத் துறைப் பட்டமும் ஏற்புடையது என்பதால் பொறியியல் படித்தது தடையாகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை அவசியம். நிரந்தரவாசத் தகுதி மட்டும் போதாது. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆண்டிறுதியை ஒட்டி விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில்தான் புறப்பட முடியும். அந்தக் காத்திருப்பைச் சகித்துக்கொள்ள முடியாதவர்களே பெரும்பாலும் முகவைகளிடம் ஓடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் மகன் போர்க்காலப் படைவீரராக இருப்பதால் நீண்ட காலம் வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி பெற வேண்டும். எந்த முகவையும் இதை நினைவூட்டாது.

கேள்வி: 120 மணி நேர இணையவழி டெஃபல் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழை எங்கள் முகவையிடமே வாங்கினால்தான் வேலைக்குப் பரிந்துரைப்போம் என்கிறார்கள். சரியா?
— வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: சரியல்ல. டெஃபல் சான்றிதழ்களுக்கெல்லாம் பொதுவான ஓர் அங்கீகார அமைப்பு உலகில் இல்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் பாடம் நடத்தலாம். அதே பணத்தைச் சேர்த்து வைத்துக் கேம்பிரிட்ஜின் செல்டா அல்லது டிரினிட்டியின் செர்ட்டெசால் படிப்பில் சேருங்கள். செலவு அதிகம்தான். ஆனால் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் ஆறு மணி நேரம் பாடம் நடத்தி, அதைப் பயிற்சியாளர் பார்த்து மதிப்பிட்ட பிறகே செல்டா கிடைக்கிறது. பள்ளிகள் அதனால்தான் அதை மதிக்கின்றன.

கேள்வி: ஜப்பானிய முகவை ஒன்று என்னைத் தன் ஊழியராக எடுத்து நகராட்சிப் பள்ளிகளுக்கு அனுப்புவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. மாதம் 230,000 யென். கையெழுத்திடுமுன் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: நான் மேலே சொன்ன இரண்டாவது வகை இது. இத்தகைய நிறுவனங்களில் ஒழுங்காக நடப்பவையும் உண்டு. ஜெட் திட்டத்தில் இடம் கிடைக்காத பலர் இவற்றின் வழியாகப் போய் நன்றாக வேலை பார்க்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பள்ளி நடக்கும் மாதங்களுக்கு முழுச் சம்பளம், ஆகஸ்டில் பாதி, டிசம்பரிலும் மார்ச்சிலும் வேலைபார்த்த நாள்களுக்கு மட்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் உள்ள 230,000 யென்னைப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டு, மூன்றாம் பக்கத்தின்படி கிடைக்கக்கூடியதையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு தொகைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டவும் கூடும். அந்த மாதங்களிலும் வீட்டு வாடகை முழுதாகவே கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதைப் பாருங்கள். இந்தத் துறையில் 29.5 மணி என்று எழுதும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. முழுநேர ஊழியருக்குரிய சமூகக் காப்புறுதியைத் தவிர்ப்பதற்காகவே அந்த அரைமணியைக் குறைத்து வந்தார்கள் என்பது அங்கே வேலைபார்த்த ஆசிரியர்கள் அறிந்ததுதான். ஆகவே சுகாதாரக் காப்புறுதியும் ஓய்வூதியமும் முதலாளியின் பங்கோடு சேர்ந்தவையா, அல்லது நீங்களே முழுவதும் கட்ட வேண்டியவையா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளிநாட்டு முதலாளியிடம் வேலை பார்க்கும்போது இங்கே மத்திய சேமநிதிக்கு யாரும் பணம் போடமாட்டார்கள் என்பதால் உங்களுக்கு இது முக்கியம். ஜப்பானிய ஓய்வூதியத்தில் குறைந்தது ஆறு மாதம் கட்டியிருந்தால், நாட்டை விட்டு வந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம்.

பள்ளிகளில் கற்பிப்பதற்கான விசாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலவழியில் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். தொடக்கப்பள்ளி ஆறு, உயர்நிலைப்பள்ளி நான்கு, தொடக்கக் கல்லூரி இரண்டு என்று உங்களுக்குக் கணக்கு நேராக வருகிறது. பயிற்றுமொழி ஆங்கிலமே என்று குறிப்பிடும் கடிதத்தைப் பள்ளிகளிடம் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சீனாவில் ஒரு மழலையர் பள்ளிக்கு உடனே ஆள் வேண்டுமாம். சிங்கப்பூரருக்குத்தான் விசாவே தேவையில்லையே, முதலில் வாருங்கள், பிறகு வேலை அனுமதி வாங்கித் தருகிறோம் என்கிறார் முகவர். போகலாமா?
— வாசகர், ஈசூன்

பதில்: போகவே கூடாது. 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூரர் 30 நாள் வரை விசா இல்லாமல் சீனா செல்லலாம் என்பது உண்மைதான். அந்தச் சலுகை சுற்றுலா, உறவினரைப் பார்த்தல், வணிகப் பயணம் போன்றவற்றுக்கானது, வேலைக்கானதன்று. முறையான வழியில், வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் முதலில் வரும். அதைக் காட்டி இங்கேயே இசட் எனப்படும் வேலை விசா வாங்க வேண்டும். அங்கே போய் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி வகுப்பில் நின்றால், சீனக் குடிநுழைவுச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான நிலையில் ஐந்து முதல் பதினைந்து நாள் தடுப்புக்காவலும் உண்டு. அதே பிரிவு சட்டவிரோதமாக வேலைக்கு ஆள் சேர்ப்பவருக்கும் அபராதம் விதிக்கிறது. ஆனால் பள்ளியில் சோதனை நடக்கும்போது அகப்படப்போவது கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் நீங்கள்தான்.

அதோடு, ஆங்கில ஆசிரியர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் குடிமக்களாக இருக்க வேண்டும் என்பதே அங்கே பொதுவிதி. சிங்கப்பூரரின் விண்ணப்பத்தை அந்த வட்டார அலுவலகம் ஏற்குமா என்பதைப் பள்ளி முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். உடனே வா என்று அவசரப்படுத்துபவர் அதைக் கேட்டிருக்கமாட்டார்.

இதனுடன் சேர்த்து ஓர் எச்சரிக்கை. தாய்லாந்தில் ஆசிரியர் வேலை என்று டெலிகிராமில் வந்து, எழுத்திலேயே நேர்காணலை முடித்து, மே சோட் பக்கம் வரச் சொல்லும் அழைப்புகளுக்குப் பதிலே அனுப்பாதீர்கள். எல்லைக்கு அப்பால் மியன்மாரின் மியாவாடி வட்டாரத்து மோசடிக் கூடாரங்களில், ஆங்கிலம் தெரிந்த பல நாட்டு இளையர்களை இப்படித்தான் அடைத்து வைத்தார்கள். ஐயமிருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணில் கேளுங்கள்.

கேள்வி: தொலைபேசி நேர்காணலில் பாராட்டினார்கள். படம் அனுப்பிய பிறகு முகவையிடமிருந்து பதிலே இல்லை. என் நிறம்தான் காரணமா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இருக்கக்கூடும். உங்களுக்கு ஆறுதலுக்காக வேறு காரணம் சொல்ல எனக்கு மனமில்லை. கிழக்காசியாவில் விண்ணப்பத்தோடு படம் கேட்பது வழக்கம். ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோருக்காகப் பள்ளிகளும், பள்ளிகளுக்காக முகவைகளும் ஆட்களை வடிகட்டுவது அங்கே நடக்கிறது. குறை உங்களிடம் இல்லை. படத்தை வெளுப்பாக்கி அனுப்பச் சொல்லும் முகவைக்கும், 'இந்தச் சம்பளத்துக்கென்றால் எடுத்துக்கொள்வார்கள்' என்று பேரம் பேசும் முகவைக்கும் அந்த இடத்திலேயே மறுப்புச் சொல்லிவிடுங்கள். இனி எந்த முகவையிடமும் முதல் பேச்சிலேயே, இதற்கு முன் சிங்கப்பூர் இந்தியர் எவரையாவது இந்தப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறீர்களா, அவருடன் நான் பேசலாமா என்று கேளுங்கள். தேசியக் கல்விக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மொழி மையங்களை விட்டு அனைத்துலகப் பள்ளிகளுக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். அங்கே உங்கள் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் மதிப்பு கூடுதல்.

கேள்வி: நான் இந்தியக் குடிமகள், கணவரோடு சார்ந்திருப்போர் அட்டையில் இங்கே இருக்கிறேன். துபாய்ப் பள்ளி ஒன்றுக்குச் சென்னையிலுள்ள முகவை ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறது.
— வாசகி, பொங்கோல்

பதில்: இரண்டு பக்கச் சட்டமும் உங்களுக்குத் துணையாக இருக்கிறது. இந்தியாவில் பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு உண்டா என்பதை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ஐக்கிய அரபு சிற்றரசுகளின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள்சேர்ப்புச் செலவை ஊழியரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிக்கக்கூடாது என்று முதலாளிகளைத் தடுக்கிறது. அந்தப் பள்ளியின் மனிதவளப் பிரிவுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இந்த முகவை பள்ளியின் சார்பில்தான் பணம் கேட்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: அசல் பட்டச் சான்றிதழை அனுப்பினால் மற்றதை முகவையே பார்த்துக்கொள்ளுமாம். அனுப்பலாமா? காவல்துறைச் சான்றும் கேட்கிறார்கள்.
— வாசகர், பிடோக்

பதில்: அசலை அனுப்பாதீர்கள், கடப்பிதழையும் அப்படியே. இங்கே நோட்டரி வழக்கறிஞரிடம் சான்றொப்பம் பெற்று, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவில் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்கும் சான்று) வாங்கி, அந்தப் பிரதியை அனுப்பினால் போதும். 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூர் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. ஜப்பானும் அதில் உண்டு, 2023 நவம்பர் 7 முதல் சீனாவும் சேர்ந்துவிட்டது. உடன்படிக்கையில் இல்லாத நாடென்றால் அதன் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். காவல்துறைச் சான்றுக்குக் கைரேகை பதிய வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள், அந்தச் சான்று எதற்காகத் தேவைப்படுகிறது என்பதைக் குறிப்பிடும் கடிதத்தையும் காட்ட வேண்டும். ஆகவே அந்தக் கடிதத்தைப் பள்ளியின் பெயரிலேயே தரும்படி முகவையிடம் முதலில் கேளுங்கள். சான்று பழையதானால் சில நாடுகள் ஏற்பதில்லை என்பதால், வேலை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகே விண்ணப்பியுங்கள்.